பறுவ நிலவில் ஒரு நடை: ரோச்சை அணைக்கிறதா, வேண்டாமா?

07.12.2024, வாசகர் ஒருவரின் கேள்வி

ரொறன்ரோவில் இருந்து பிள்ளைகளோடு வருகிறோம், பொங்கல் முடித்துத்தான் திரும்புவோம். இங்கே பனிக்காலப் பறுவ (முழுநிலவு) இரவுகளில் வழிகாட்டி ஒருவர் பத்துப் பதினைந்து பேரைக் காட்டுப் பாதையில் கூட்டிக்கொண்டு போவார். ரோச் (கைவிளக்கு) கிடையாது. வெண்பனியில் பட்டுத் திரும்புகிற நிலவு வெளிச்சமே போதும். யாழ்ப்பாணத்தில் அப்படி ஏதாவது நடக்கிறதா? மகளுக்கு 9, மகனுக்கு 12. பாம்புக்குப் பயம், பிள்ளைகளுக்கு அல்ல, எனக்கு.

08.12.2024, காலை

நிலையாக நடக்கிற நிகழ்ச்சி என்று எனக்குத் தெரிந்து ஒன்றும் இல்லை. இடைக்கிடை யாராவது ஒழுங்கு செய்வார்கள். ஒரு வான் நிறைய ஆள் சேர்ந்தால் நடக்கும், சேராவிட்டால் காசு திரும்பி வரும். வந்தால்.

வருகிற 14ஆம் திகதி சனிக்கிழமை போயா, பறுவ விடுமுறை. அன்றைக்கு வேண்டாம் என்பதுதான் என் சொல். நவம்பர் கடைசியில் புயலோடு கொட்டிய மழை இன்னும் தரவை என்கிற வெட்டவெளிகளில் முழங்கால் அளவுக்கு நிற்கிறது. எது பாதை, எது குழி என்று பகலிலேயே தெரியவில்லை. ஜனவரி 13 வரை பொறுங்கள். அன்றைக்குப் போயா, திருவாதிரையும் அன்றுதான், விடிந்தால் பொங்கல். மழையும் அநேகமாக ஓய்ந்திருக்கும்.

இடம் என்று பார்த்தால் எல்லோரும் முதலில் சொல்வது சுண்டிக்குளம். 1938 இல் பறவைகள் சரணாலயமாகி 2015 இல் தேசிய பூங்காவானது. பூங்கா என்றால் மாலை 6 மணிக்குப் பிறகு உள்ளே நிற்க முடியாது. நெடுந்தீவில் படகு நேரம் உதைக்கும். பண்ணைப் பாலத்தில் நின்றால் பறவையை விட வாகன லைற்றுத்தான் கண்ணில் அடிக்கும். மிச்சம் இருப்பது அராலித் தரவை, தொண்டைமானாற்றுக் கடனீரேரிக் கரை, அவ்வளவுதான். காடு என்று சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லை.

08.12.2024, பத்து நிமிடம் கழித்து

வடமராட்சியின் மணற்காட்டை மறந்துவிட்டேன். பெயரிலேயே காடு இருக்கிறது. மணற்குன்று, சவுக்கந்தோப்பு, மணலுக்குள் பாதி புதைந்த பழைய அந்தோனியார் கோயில். வடமராட்சிக்காரர் அடிக்க வருமுன் திருத்திக்கொள்கிறேன்.

13.12.2024

மேலே 'வெள்ளத்தில் நடக்க வேண்டாம்' என்றது விழுந்துவிடுவீர்கள் என்பதற்காக. இப்போது அதைவிடப் பெரிய காரணம் வந்துவிட்டது. வடமராட்சிப் பக்கம் உயிர்களைக் கொண்டுபோன காய்ச்சல் எலிக்காய்ச்சல் என்று உறுதியாகியிருக்கிறது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் காலை வைத்தால், காலில் ஒரு சின்னக் கீறல் இருந்தாலே போதும், கிருமி ஏறிவிடும். வெறுங்காலோடு வயலிலும் தரவையிலும் இறங்கவே கூடாது. இறங்கியவருக்குக் காய்ச்சல் வந்தால் பனடோலைப் போட்டுவிட்டுப் படுக்காமல் ஆசுபத்திரிக்குப் போகவேண்டும்.

15.12.2024

சொன்னவனே கேட்கவில்லை. நேற்றுப் போனேன்.

யாரோ ஒழுங்கு செய்த நடை. பெயர் வேண்டாம். தலைக்கு 2500 ரூபா, ஒரு சான்ட்விச், ஒரு தண்ணீர்ப் போத்தல். 34 பேர். இடம் அராலிப் பக்கம், நல்லவேளையாக உயரமான தார்வீதி, கால் நனையவில்லை. வழிகாட்ட வந்த தம்பி நெற்றியில் லைற் கட்டியிருந்தார். அவர் யாரைப் பார்த்துக் கதைத்தாலும் அந்த ஆளுக்குக் கண் அவிந்துபோகும். இடுப்பில் ஒரு சின்ன ஒலிபெருக்கி. 'இடதுபக்கம் உவர்நீர்த் தாவரங்கள்' என்றார். 34 ரோச்சும் இடதுபக்கம் திரும்பின. அங்கே ஒரு மாடு படுத்திருந்தது. அதற்கு வந்த கோபம் எனக்கும் வந்தது.

இருபது யார் நடந்திருப்போம், தொடங்கிவிட்டது ஆட்காட்டிப் பறவை. ஒன்று கத்த அடுத்தது எடுக்க, அதை அதற்கடுத்தது வாங்க, கடனீரேரி முழுக்க நாங்கள் வந்த செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. தண்ணீருக்குள் நின்ற கூட்டம் எதுவோ ஒரே மூச்சில் எழும்பிப் போயிற்று. என்ன பறவை என்று தம்பிக்கும் தெரியவில்லை. சிறகுச் சத்தம் மட்டும் கேட்டது, பெரிய பாயை உதறியதுபோல.

அதோடு ட்ரோன் வேறு.

15.12.2024, இரவு

காலையில் எழுதியதை வாசித்தால் அந்தத் தம்பியைக் குற்றம் சொன்னதுபோல இருக்கிறது. 34 பேரை எடுத்தவர் அவரல்ல. அவருக்குத் தாவரம் நன்றாகத் தெரியும். வீதியோரத்தில் குந்தி, உமரி இலை ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்க்கச் சொன்னார். உப்புக் கரித்தது. அந்த ஒரு நிமிடத்துக்கு மட்டும் ரோச்சுகள் எல்லாம் கீழே பார்த்தன, கதையும் நின்றது. நேற்று இரவில் எனக்கு மிஞ்சியது அதுதான்.

18.12.2024

'ரோச் இல்லாமல் போனால் கால் எங்கே வைக்கிறது?' என்று கேட்டவருக்கு.

கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் எடுக்கும். ஒருவர் போனைத் திறந்து வட்சப் பார்த்தால் போதும், பக்கத்தில் நிற்பவருக்கும் கணக்கு முதலிலிருந்து. கட்டாயம் வெளிச்சம் வேண்டுமென்றால் ரோச் முகத்தில் சிவப்புக் கடதாசி ஒட்டுங்கள். கண்ணை அது அவ்வளவாகக் கெடுக்காது. பறுவ நிலவு வெயிலை விட ஏறக்குறைய 4 இலட்சம் மடங்கு மங்கல், ஆனாலும் வெள்ளை மணல் ஒழுங்கையில் நடக்க அது தாராளம்.

நிறம் மட்டும் தெரியாது. அந்த அளவு வெளிச்சத்தில் வேலை செய்கிற கண்ணறைகளுக்கு நிறம் பிரிக்க வராது. 'பூநாரை வருமா, படம் எடுக்கலாமா' என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். வரலாம், இரவிலும் அது மேயும். ஆனால் இளஞ்சிவப்பை மறந்துவிடுங்கள். நிலவில் பூநாரை என்பது நீளக்காலில் நிற்கும் சாம்பல்.

பாம்பு: முத்திரைப்புடையனும் சுருட்டையும் இங்கே உண்டு, மறைக்கவில்லை. சப்பாத்து, நீளக் காற்சட்டை, கையில் தடி, பற்றைக்குள் கால் வைக்காமல் நடுப்பாதையில் நடை. கடித்தால் வைத்தியம் பார்க்கிற பெரியவரைத் தேடாமல் நேரே ஆசுபத்திரி.

22.12.2024

ரொறன்ரோக்காரர் எழுதியிருக்கிறார்: 'பனிக்கால நிலவு மிக உயரத்தில் போகும், அதுதான் அழகு. உங்கள் பக்கம் அப்படி இருக்காதே?'

இருக்கிறது. அவர் கேட்பதற்கு முன்பே கிணற்றடியில் நின்று பார்த்துவிட்டேன். அந்த நடை முடிந்து வீட்டுக்கு வந்து, சான்ட்விச் சரிவராமல் முழித்திருந்தபோது, நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னே. தண்ணீர் அள்ளுகிற துலாமரத்தின் நிழல் தெற்கே விழுந்திருந்தது. முதலில் திசையைத்தான் பிழையாக எடுத்தேனோ என்று நினைத்தேன். எங்கள் வாசல் கிழக்கு, கிணறு வடக்கு, பிழைக்க வழியில்லை. நிலவு உச்சிக்கு வடக்கே நின்றது.

யோசித்தால் கணக்கு இலேசு. பறுவ நிலவு சூரியனுக்கு நேரெதிரே நிற்கும். மார்கழியில் சூரியன் தெற்கே சரிந்திருக்க, நிலவு வடக்கே ஏறியிருக்கும். இந்த இரண்டு வருடமும் அது வழமையை விட இன்னும் வடக்கே போகிறது, 18.6 வருடத்துக்கு ஒருமுறை வருகிற சுற்று அது. யாழ்ப்பாணம் வடக்கு அகலக்கோடு 10 பாகைக்குக் கொஞ்சம் குறைவு. ஆகவே நிலவு எங்களைத் தாண்டி வடக்கே போய்விடுகிறது. ரொறன்ரோவுக்கு அதே நிலவு தெற்கே. உயரத்தைப் போட்டுப் பார்த்தால் இரண்டு ஊரிலும் 72க்கும் 74க்கும் இடையில்தான். கிட்டத்தட்ட ஒரே உயரம், பக்கம்தான் வேறு.

என் நிழல் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் மேல். கையாலேயே அளந்தேன். நள்ளிரவில் கிணற்றடியில் குனிந்து நிலத்தை முழம் போட்டுக்கொண்டிருந்ததை மனைவி யன்னலால் பார்த்துவிட்டாள். அது வேறு கதை.

29.12.2024

'சின்ன வயதில் நிலவில் விளையாடியிருப்பீர்களே' என்று ஒருவர். விளையாடினோம். 1990 க்குப் பிறகு மின்சாரம் இல்லை, ஜாம் போத்தல் விளக்குத்தான். பறுவம் வந்தால் ஊரே முற்றத்துக்கு வந்துவிடும். எண்ணெய் மிச்சம்.

ஆனால் என் நினைவில் முன்னுக்கு நிற்பது அதுவல்ல. போரால் ஆனையிறவுப் பாதை மூடியிருந்த காலம், கிளாலியால் கடனீரேரியைக் கடந்துதான் வன்னிப் பக்கம் போகலாம். 1992 கடைசியில் அம்மாவோடு போனேன், எனக்கு 14. ஒரு மோட்டார் படகு இழுக்கும், பின்னால் கயிற்றில் நாலைந்து படகு. முதல் நாள் போய்க் கரையில் காத்திருந்து திரும்பி வந்தோம், காரணம் நிலவு. கடற்படைக்கு எங்களை அது காட்டிக்கொடுக்கும். வெண்ணெய்போல ஒரு நிலவு. அம்மா அதை அண்ணாந்து பார்த்து, 'உனக்கு வேற நாள் கிடைக்கேல்லையா' என்று ஏசினது காதில் நிற்கிறது. அடுத்த கிழமை இருட்டில் போனோம். படகில் யாரும் மூச்சு விடவில்லை. 1993 தொடக்கத்தில் அந்தத் தண்ணீரில் எத்தனை உயிர் போனது என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அதனால்தானோ என்னவோ, ரோச் இல்லாமல் நடப்போம் என்று நான் அடம்பிடிக்கிறபோது அம்மா மட்டும் 'கொண்டு போ மோனை' என்பார். இப்போதும் சொல்கிறார். நான் அதை மூடநம்பிக்கை என்று கணக்கில் வைத்திருந்தேன். இதை எழுதும்போதுதான் அப்படியல்ல என்று படுகிறது. இனிமேல் பையில் ஒன்று இருக்கும். அணைத்தபடி.

30.12.2024

'ஆட்காட்டிக்குத் தலையாட்டி என்று பெயர் வைத்திருக்கலாம்' என்று எழுதியவரே, உங்கள் வயது எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் காலத்துச் சுற்றிவளைப்புகளில் முகமூடி போட்டுக் காட்டிக்கொடுக்கிறவன் தலையாட்டினால் ஆள் போனான். இந்தப் பறவை பாவம், முகத்தை மூடாமல் கத்துகிறது.

05.01.2025

திருவெம்பாவை தொடங்கிவிட்டது. விடியப்புறம் நாலு மணிக்கு ஒழுங்கையால் சங்கும் சேமக்கலமும் போகிறது. முந்தி இருபது பெடியள் போவோம், இப்போது நாலு பேரும் ஒரு மோட்டார் சைக்கிளும்.

வழிகாட்டியோடு இரவு நடை எங்களுக்குப் புதிதில்லை என்று இப்போது படுகிறது. முன்னால் சங்கு ஊதுகிற அண்ணை, பின்னால் நாங்கள், கூதலில் பல்லுக் கிட்ட. அதில் ஒன்றை அப்போது நான் கவனிக்கவேயில்லை. முதல் நாட்களில் நிலவு நேரத்தோடு மறைந்துவிடுவதால் விடியப்புறம் கும்மிருட்டு. நாய் கடித்ததெல்லாம் அந்த நாட்களில்தான். போகப்போக நிலவு பிந்திப் பிந்தி மறையும். பத்தாம் நாள், திருவாதிரை விடியலில், தெரு முழுக்க வெளிச்சம். பத்து நாளும் ஒரே ஒழுங்கை, பத்தாம் நாள்தான் வேலிக்கு மேலால் யார் வீட்டில் என்ன மரம் நிற்கிறது என்றே தெரியும்.

14.01.2025, பொங்கல் நாள் மத்தியானம்

நேற்றுப் போனோம். ஏழு பேர்: ரொறன்ரோக் குடும்பம் நாலு, நான், தங்கச்சி, வழிகாட்டி. வழிகாட்டி என்று நாங்கள்தான் சொல்கிறோம். அவர் தொண்டைமானாற்றுப் பக்கத்து மீன்பிடித் தொழிலாளி, கடனீரேரியில் சிறகுவலை கட்டுகிறவர். 'நிலவுக்கு எனக்கும் பெரிசாத் தொழில் இல்லை, வாங்கோ' என்றார். நிலவுக் காலத்தில் றாலும் குறைவாம், நண்டும் சதையில்லையாம். நண்டுக் கதையை நான் நம்புவதில்லை, வாயைத் திறக்கவும் இல்லை.

செக்கல் நேரம் பாலத்தடியில் சேர்ந்தோம். மேற்கே சூரியன் இறங்கி முடியவில்லை, கிழக்கே பனைகளுக்குப் பின்னால் நிலவு ஏறிவிட்டது. பழுத்த பனம்பழ நிறம். கொஞ்சம் இருட்டிய பிறகு பக்கத்தில் சிவப்பாக ஒரு புள்ளி, செவ்வாய். மகன் போனில் வானப்படம் ஒன்றைத் திறந்து அதை உறுதிப்படுத்தினான். பிறகு வழிகாட்டி அண்ணை ஒரு ஓலைக்குட்டானை நீட்டினார், போன்கள் எல்லாம் அதற்குள். தகப்பன்தான் கடைசியாகப் போட்டார்.

அண்ணை விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. ஆட்காட்டி படுக்கிற திடலை விட்டு நூறு யார் சுற்றிக் கூட்டிக்கொண்டு போனார், அது கத்தவேயில்லை. காற்று வாடை. வடகிழக்கிலிருந்து வந்தது, ஆகவே நாங்கள் தென்மேற்குப் பக்கத்தால் வந்தோம். ஓரிடத்தில் கையைத் தூக்கினார், எல்லோரும் குந்தினோம். முதல் பத்து நிமிடம் ஒன்றுமில்லை. நுளம்பு மட்டும். நான் மனதுக்குள் மன்னிப்புக் கடிதம் எழுதத் தொடங்கிவிட்டேன்.

அப்புறம் சிறகுவலைத் தடிகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. இவ்வளவு நேரமும் அங்கேதான் நின்றிருக்கின்றன, எங்கள் கண்தான் வரவில்லை. ஒவ்வொரு தடியிலும் ஒரு நீர்க்காகம். அதற்குப் பிறகு தடிகளுக்கிடையில் தண்ணீர் அசைவதாக நினைத்தது தண்ணீர் இல்லை, வாத்துகள். நூற்றுக்கணக்கில். மூக்கைத் தண்ணீரில் வைத்து உறிஞ்சுகிற சத்தம், பிள்ளைகள் கூழின் கடைசியை உறிஞ்சுவதுபோல. இடையிடையே மெல்லிய விசில். நான் தலையைச் சரித்து 'ஊசிவால் வாத்து' என்று சொல்லிவைத்தேன்.

கரைப்பக்கம் கல்லில் உருளை உருட்டிவிட்டதுபோல ஒரு சத்தம், டக் டக் என்று தொடங்கி வேகம் கூடி உருண்டு போய் நிற்கும். பக்கி. மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பாதையில் ஆறடி முன்னால், மண் நிறத்தில், காய்ந்த சருகுபோல இருந்தது. நிலவு அதன் கண்ணில் பட்டு ஒரு பொட்டு மின்னியது. நாங்கள் கண்டுவிட்டோம் என்று அதற்குத் தெரிந்து, எழும்பிப் போனது. சிறகுச் சத்தமே இல்லை. முதலில் கண்டவர் யார் என்று கேட்டால், ஏழு பேரில் ஒன்பது வயதுக்காரிதான். அண்ணைக்கே தெரியவில்லை. 'பிள்ளைக்கு நல்ல கண்' என்றார்.

திரும்பி வரும்போது வழியில் ஒரு வீட்டில் ஒடியற்கூழ் (பனங்கிழங்கு மாவில் காய்ச்சுவது), அண்ணையின் அக்கா வீடு. கிண்ணம் கேட்டோம், சிரித்தார்கள். அண்ணை ஓலையைக் கிழித்து நரம்பை எடுத்து மடித்து, மூலையை ஈர்க்கால் குத்திப் பிளா கட்டினார். ஒன்றுக்கு அரை நிமிடம். பார்த்துக்கொண்டிருந்த நானும் ஒன்று செய்தேன், அடிப்பக்கம் ஒழுகி முழங்கையால் கூழ் வடிந்தது. மகனுடையது ஒழுகவில்லை. காரம் தாங்காமல் மூக்கு வடிய மூன்று பிளா குடித்தான். கனடாப் பெடியன் அரைக்கைச் சட்டையோடு நிற்க, மப்ளர் சுற்றி நடுங்கிக்கொண்டிருந்தவன் நான். வெப்பம் ஒரு 23 பாகை இருந்திருக்கும்.

இரண்டு பிள்ளைகளுக்கும் நிழல் கதையைச் சொன்னேன். நள்ளிரவு வரைக்கும் முழித்திருந்து முற்றத்தில் அளந்தார்களாம். என்னுடையது இந்தமுறை சரியாக ஒரு முழம்.

14.01.2025, பின்னேரம்

தங்கச்சி வாசித்துவிட்டுத் திருத்தச் சொல்கிறாள். விசில் அடித்தது ஊசிவால் அல்ல, நாமத்தலை வாத்து. நேற்றே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. விருந்தாளிகளுக்கு முன் அண்ணனை மடக்க வேண்டாம் என்று விட்டாளாம். பள்ளிக்கூடத்தில் விலங்கியல் படிப்பிக்கிறவளைக் கூட்டிக்கொண்டு போய் நான் பெயர் சொன்னதுதான் பிழை.

இன்னொன்று: 'போயாவுக்குத் தவறணை பூட்டு, கரையில் குடிகாரர் இருக்கமாட்டார்கள்' என்று தனி மடலில் சிலருக்கு எழுதியிருந்தேன். இருந்தார்கள். முதல் நாளே வாங்கி வைத்திருக்கிறார்கள். வழிவிட்டு, ரோச்சும் அடித்துக் காட்டினார்கள். அதில் இருபது நிமிடக் கண் போயிற்று.

16.01.2025

தலைக்கு எவ்வளவு, அண்ணையின் நம்பர் என்ன என்று இதுவரை பதினொரு பேர் கேட்டுவிட்டீர்கள். நம்பர் தரமாட்டேன். அவர் காசு வாங்கவும் இல்லை, தகப்பன் திணித்ததை அக்காவின் கையில் கொடுத்துவிட்டார். ஆனால் 'நல்லாயிருக்கே, நாங்களும் 40 பேர் வரலாமா' என்று கேட்டவருக்கு: இல்லை. ஏழு பேருக்கே ஆறு பிளாவுக்குத்தான் ஓலை இருந்தது.

13.02.2025

ரொறன்ரோவிலிருந்து இன்று காலை ஒரு குரல் பதிவு. ஒன்பது வயதுக்காரி. பள்ளிக்கூடத்தால் நேற்றுப் பறுவ நடைக்குக் கூட்டிக்கொண்டு போனார்களாம், முழங்கால் அளவுக்குப் பனியாம். வழிகாட்டுகிற அக்காவிடம் கேட்டுத் திசைகாட்டி வாங்கிப் பார்த்தாளாம். 'மாமா, என்ர நிழல் நோர்த்துக்கு விழுந்தது. உங்கட எங்க விழுந்தது?'

நான் நேற்று நேரத்தோடு படுத்துவிட்டேன். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. இன்றைக்குப் பறுவம் கழிந்து ஒரு நாள்தான், பரவாயில்லை என்று இரவு கிணற்றடிக்குப் போனேன். இந்தமுறை மனைவியும் வந்து நின்றாள். நிலவு கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேலே. துலாவின் நிழல் துலாவுக்குக் கீழேயே கிடந்தது. என்னுடையது காலைச் சுற்றி ஒரு சாண்கூட வராது, எந்தப் பக்கம் என்று சொல்லவே குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. 'தெற்கு' என்றேன். மனைவி 'மேற்கு' என்றாள். நாளைக்குத் திசைகாட்டி ஒன்று வாங்கிவிட்டுத்தான் பிள்ளைக்குப் பதில் அனுப்பவேண்டும்.